வீட்டுக்கு நன்றி சொல்லாத மனிசி

மகள், மகன், இரண்டு பேரும் இதை ஆறுதலாக வாசியுங்கள். எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்க உங்களுக்கு நேரம் எடுக்கும் என்று தெரியும். எடுக்கட்டும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கும் இதை எழுத நேரம் எடுத்தது.

போன மாதம் ஓல்போர்க் நகரில் மகளுக்குப் படிக்கிற காலத்துக்கு அறை கிடைத்ததல்லவா, அன்று நடந்ததால்தான் எழுதத் தொடங்கினேன். அலுவலகத்தில் இருந்த பெண் அறைக் கதவின் திறப்பை நீட்டினார். மகள், நீ "தக்" என்றாய். பிறகு "ஆயிரம் தக்" என்றாய். கதவடியில் திரும்பி நின்று இன்னொரு தரமும் சொன்னாய். இந்த நாட்டில் பேச்சுக்குப் பேச்சு சொல்லுகிற நன்றிதான் அது, நானும் நாள் முழுக்கச் சொல்லுகிறவன்தான். ஆனால் அன்று வாயை அடக்க முடியவில்லை. "காணும் பிள்ளை, அவ தன்ர வீட்டை வெட்டித் தரேல்லை" என்று சொல்லிவிட்டேன். காரில் வரும்போது நீ டேனிஷில் பொரிந்து தள்ளினாய். அப்பா எப்பவும் முரண்டுதான், எனக்கு வெட்கமாய்ப் போச்சுது என்றாய். தம்பி பின்னுக்கு இருந்து சிரித்தான்.

அந்த முரண்டு என்னோடு பிறந்ததில்லை. நான் ஊரில் ஆருக்கும் எதிர்த்துக் கதைத்த ஆள் இல்லை. எஸ்பியர்க் பட்டணத்தில் எங்கள் கீழ்வீட்டில் இருந்த ஒரு மனிசியிடமிருந்து வந்தது அது. மகன், நீ அம்மாவின் வயிற்றில் இருந்த வருடம். நீ பிறப்பதற்குள் உள்ளே நின்று பூட்டக்கூடிய ஒரு கதவு எங்களுக்குக் கிடைக்குமா, கிடைக்காதா என்று நானும் அம்மாவும் தவித்த வருடம்.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. அவருக்கு அது பிடிக்காது. நாங்கள் எங்களுக்குள் கீழ்வீட்டு மனிசி என்றுதான் சொல்லுவோம்.

கட்டையான, உரமான உடம்பு. வலது முழங்கால் மடங்காது. படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் ஏறுவார். புருஷன் விட்டுப்போட்டுப் போன கம்பளிச் சட்டையைத்தான் குளிருக்கும் வெயிலுக்கும் போட்டிருப்பார். வாயில் ஒரு சின்னச் சுருட்டு. முதல் தரம் அதைக் கண்டபோது, "அண்ணை, இந்த நாட்டிலயும் பொம்பிளையள் சுருட்டுப் பத்துகினம்" என்று யோகன் பெரிய அதிசயத்தைக் கண்டவன்போல ஓடிவந்து சொன்னான். யோகன் எங்களோடு அந்த வீட்டில் இருந்த பெடியன். வாய் சும்மா இருக்காது.

புருஷனைப் பற்றி ஒருமுறை கேட்டதற்கு, "அவர் வேற ஆளோட போயிட்டார். நல்லது. ஒரு அலுமாரி மிச்சம்" என்றார். (அவர் டேனிஷில் சொன்னதை நான் எங்கள் பேச்சில்தான் எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் காதில் கிடக்கிறது.)

அவரை நான் முதலில் சந்தித்தது நிலவறையில், சலவை மெசின்கள் இருக்கும் இடத்தில். இந்த வீட்டுக்கு இந்த நேரம் என்று பலகையில் பதிந்துபோட்டுத்தான் உடுப்புத் தோய்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அவருடைய நேரத்தில் நான் இடுப்பில் கட்டுகிற சாரம் மெசினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. நான் திரும்பி வந்தபோது கூடையோடு நின்றவர் எனக்குக் கதவைத் திறந்து பிடித்தார், வழியில் கிடந்த கூடையைத் தள்ளி வைத்தார், பலகையைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது. மொழிப் பள்ளிக்கூடத்தில் முதல் கிழமையே படித்த சொல்லை அள்ளி வீசினேன்: தக், தக், தக்.

"என்னத்துக்கு?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விரலை மடக்கிக் காட்டினார். "மூண்டு தரம் சொன்னனீ. முதலாவது என்னத்துக்கு?"

"கதவு... நீங்கள் திறந்து பிடிச்சது."

"சரி. ரெண்டாவது?"

"கூடை. எனக்காகத் தள்ளி வைச்சது."

"அதுவும் சரி. மூண்டாவது?"

நான் யோசித்துப் பார்த்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த கொஞ்ச டேனிஷில், "இஞ்ச இருக்க விட்டதுக்கு" என்றேன்.

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "அதை வெட்டு. கதவுக்குச் சொல்லு, கூடைக்குச் சொல்லு. ஒரு கூரைக்குக் கீழ இருக்கிறதுக்கு ஒருத்தருக்கும் சொல்லாதை." பிறகு, நான் ஆள் சரியில்லை என்று நினைத்துவிடுவேனோ என்றாக்கும், என் ஈரச் சாரத்தைத் தானே எடுத்து உதறிக் கொடியில் போட்டார். அது துவாயா, யன்னல் சீலையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

இதை வைத்து ஆளை மரியாதை தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா ஊரிலிருந்து வந்த பிறகு ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், படியில் நின்றபடியே ஒன்றைத் தின்று "தக்" சொல்லுவார். கோப்பையைத் திருப்பிக் கொண்டுவந்து தரும்போது அதற்கொரு "தக்". அடுத்த நாள் கண்டால் நேற்றைய ரோல்ஸுக்கு மறுபடியும் ஒன்று. அம்மாவுக்கு அது பகிடியாக இருக்கும். எங்கள் ஆட்கள் தங்களுக்குள் நன்றி சொல்லுவதே இல்லை, சொன்னால் அந்நியம் பார்க்கிறது மாதிரி. "ரோல்சுக்கு மூண்டு தரம் சொல்லுற மனிசி வீட்டுக்கு மட்டும் ஏன் உப்பிடி வெட்டுறா?" என்று அம்மா கேட்பார்.

கேட்கச் சொன்னேன். அம்மாவும் சைகையாலும் என் வாயாலும் கேட்டார்.

அவர் சொன்ன கதை இது. உலக யுத்தம் முடிந்த காலத்தில் அவர் இளம்பெண். பட்டணத்தில் வீடு இல்லை. சனம் வேலை தேடி வந்து குவிந்தது, கட்டச் சீமெந்தும் இல்லை, மரமும் இல்லை. ஜேர்மன் படையாட்கள் விட்டுப்போன மரக்கொட்டில்களில் குடும்பங்களைப் போட்டார்கள். அவரும் தாயும் சகோதரங்களும் அதில் ஒன்றில். நடுவில் போர்வை கட்டி, அந்தப் பக்கம் வேறொரு குடும்பம். மாதா மாதம் இரண்டு பெண்கள் கையுறை போட்டுக்கொண்டு வருவார்களாம், வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிற ஆட்களா என்று பார்க்க. துப்புரவான ஆட்களுக்குத்தானே புது வீடு கொடுக்கலாம். யன்னல் கட்டையில் விரலால் தேய்த்துப் பார்ப்பார்களாம். தாய் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, வந்ததற்கு நன்றி, பார்த்ததற்கு நன்றி, பட்டியலில் வைத்திருப்பதற்கு நன்றி என்பாவாம்.

"அம்மா நல்ல வடிவாச் சொல்லுவா" என்றார் கீழ்வீட்டு மனிசி. "நூறு தரம் சொல்லியிருப்பா. கொட்டிலுக்குள்ளதான் செத்தவ."

பிறகு இந்தக் கொங்கிறீற்று வீடுகளைக் கட்டத் தொடங்கிய காலத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைவண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து வேலியடியில் நின்று பார்ப்பாராம். லொறியில் சுவர் சுவராக வந்து இறங்குமாம். கிரேன் தூக்கி வைக்குமாம். கண்ணாடி போடாத ஒரு யன்னல் ஓட்டையைக் காட்டிப் பிள்ளையிடம் சொன்னாராம், "உதுதான் எங்கட." பட்டியலில் பெயர் இருந்ததே தவிர அப்போது அவருக்கு ஒருவரும் வீடு தருகிறோம் என்று சொல்லவில்லை. திறப்புக் கொடுத்த அன்று கொடியும் வாத்தியமும் பெரிய மனிதர்களும். ஒவ்வொருவராக மேடைக்குப் போய்த் திறப்பை வாங்கி, குனிந்து நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். இவர் முறை வந்ததும் திறப்பை வாங்கி, "நேரத்துக்கு வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாராம். வாத்தியகாரன் ஒருவன் சிரித்துத் தாளம் விட்டானாம்.

கதை கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குணத்தோடு பக்கத்தில் இருப்பது அவ்வளவு சுகமில்லை.

மகள், நீயும் அம்மாவும் வந்து சேர்ந்த குளிர்காலத்தில் அகதிகளுக்கு உதவி செய்கிற பெண்கள் சிலர் எங்களுக்கு ஒரு சோபா கொண்டுவந்தார்கள். நல்ல மனிசர். உனக்குக் குளிர்ச் சப்பாத்தும் அவர்கள் தந்ததுதான். கூடவே பத்திரிகையிலிருந்து படம் பிடிக்க ஒரு ஆள். சோபாவில் நாங்கள் மூன்று பேரும் இருக்க, அவர்கள் பின்னால் நிற்க வேண்டும். அம்மா சீலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கதவு திறந்தபடி. கீழ்வீட்டு மனிசி படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன நடக்குது?"

ஒரு பெண் விளக்கிச் சொன்னார்.

"குடுக்கிறதெண்டால் கதவைச் சாத்திப்போட்டுக் குடுங்கோ" என்றார் இவர். "சோபாவுக்குப் படம் வேண்டாம்."

அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போனது. படம் பிடிக்க வந்தவர் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போனார். எனக்குக் கோபம் என்றால் சொல்லேலாத கோபம். எங்களுக்கு உதவுகிற நாலு பேரையும் இந்த மனிசி அடித்துத் துரத்திவிடும், பிறகு நாங்கள் ஆரிடம் போவது? அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டவில்லை. வழக்கம்போலச் சுருட்டை ஆட்டி, "இண்டைக்குக் காத்துப் பலம்" என்று மட்டும் சொல்லுவார். அந்தப் பெண்கள் பிறகும் வந்தார்கள். பத்திரிகைக்காரனை மட்டும் கூட்டிவரவில்லை.

இனி எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்று அறை உள்ள வீட்டில் யோகனும் வேறு இரண்டு பெடியன்களும் நானுமாக நான்கு ஆண்கள் இருந்தோம். அம்மாவும் நீயும் வந்ததும் பெடியன்கள் நெருங்கிப் படுத்து எங்களுக்கு ஒரு அறையை விட்டார்கள். தங்கமான பெடியன்கள். ஆனால் அம்மாவின் நிலையை யோசித்துப் பாருங்கள். தலைமுழுகினால் கூந்தல் காய்கிற வரைக்கும் அறையை விட்டு வெளியே வரமாட்டார். குசினிக்குப் போவதென்றால் ஆர் நிற்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போவார். யோகன் தன் வீட்டுக்குள்ளேயே இருமிக்கொண்டு நடந்தான், "நான் வாறன் அக்கா" என்று அறிவிக்கிறானாம். "உனக்கு நெஞ்சுச் சளியோ?" என்று டேனிஷ் ரீச்சர் அவனைக் கேட்கிற அளவுக்கு அந்த இருமல் பழகிவிட்டது. பிறகு அம்மா கர்ப்பமானார். இரவில் அடிக்கடி குளியலறைக்கு எழும்பிப் போகவேண்டியிருந்தது. அடிக்கடி போக வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். அதைக் கண்டுபிடித்த அன்றுதான் நான் வீட்டுச் சங்கத்தின் அலுவலகத்துக்குப் போனேன்.

அந்தக் கட்டடங்கள் எல்லாம் அந்தச் சங்கத்தினுடையவை. கொமூன் என்கிற நகரசபையும் சேர்ந்து கட்டியது. அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகச் சொன்னார், வீடு இல்லை, பட்டியலில் காத்திருங்கள் என்று.

திரும்பி வரும்போது படியில் கீழ்வீட்டு மனிசி.

"என்ன சொன்னவை?"

"வீடு இல்லையாம்."

"நீ என்ன சொன்னனீ?"

"தக் எண்டு சொன்னன்."

அவர் உள்ளங்கையால் சுவரில் ஓங்கி அடித்தார். "இல்லை எண்டதுக்கும் தக்!" பிறகு விரலை மேலே காட்டினார். "அப்ப உது என்ன?"

எங்கள் தலைக்கு மேலே, கடைசி மாடியில், ஒரு முழு வீடு சும்மா கிடந்தது. தட்டைக் கூரை ஒழுகி ஒரு அறைச் சுவர் நனைந்ததால் இருந்த ஆட்கள் விட்டுப் போனார்கள். கூரையைத் திருத்தியாயிற்று. வீட்டை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. குடியிருப்பாளர் குழு அதை விருந்தினர் அறைகளாக்க யோசித்திருந்தது. ஆருக்கும் சொந்தக்காரர் வந்தால் இரண்டொரு நாள் தங்கலாம். இன்னொரு காரணத்தைப் படிகளில் கதைத்தார்கள்: ஒரே வாசலில் எவ்வளவு வெளிநாட்டுக்காரரை விடுவது என்று.

அதை முடிவுசெய்யக் குடியிருப்பாளர் கூட்டம் வைப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. வாசலில் அறிவித்தல் ஒட்டினால் அது டேனிஷ்காரருக்கு என்று நினைத்துத் தாண்டிப் போவோம். கீழ்வீட்டு மனிசி மடங்காத காலை இழுத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் இருந்த வீடுகள் முழுவதற்கும் ஏறினார். மூன்று வீடுகள்தான், ஆனால் மூன்றும் வேறு வேறு படிக்கட்டு. "வீட்டுக்கு ரெண்டு வாக்கு. அரசிக்கும் ரெண்டு, உனக்கும் ரெண்டு" என்றார். அரசி இந்தக் கட்டடத்தில் இருப்பாரென்றால் அப்படித்தானாம்.

கூட்டம் நிலவறையில் இருந்த பெரிய அறையில். நீண்ட மேசைகள், கோப்பி, பியர், இனிப்புப் பாண். கதவடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மஞ்சள் அட்டைகள் தந்தார்கள். குழுவின் தலைவர் உயரமான மனிதர், துறைமுகத்தில் வேலை. எங்களைக் கண்டதும் எழுந்து வந்து தன் கையால் கோப்பி ஊற்றித் தந்தார். யோகனுக்குப் பால் வேண்டுமா என்றும் கேட்டார்.

நிறையக் கதைத்தார்கள். எனக்குப் பாதி விளங்கவில்லை, தலைவர் விருந்தினர் அறைப் பக்கம் என்பது மட்டும் விளங்கியது. வாக்கெடுப்பு வந்தது. மேல்வீட்டை விருந்தினர் அறைகள் ஆக்குவதை விரும்புகிற ஆட்கள் அட்டையைத் தூக்குங்கள் என்றார் தலைவர். தூக்கினார்கள். எங்கள் பெடியன்களும் தூக்கினார்கள். நான் யோகனின் கையைப் பிடித்து இழுப்பதற்குள் எண்ணிவிட்டார்கள். பிறகு, அதைத் திருத்தி ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பதை விரும்புகிற ஆட்கள் என்றார். மறுபடியும் எங்கள் பெடியன்கள் எல்லாரும் தூக்கினார்கள்.

அறை முழுக்கச் சிரிப்பு. கீழ்வீட்டு மனிசி கதிரையோடு திரும்பினார். "ஒரே ஆள் ரெண்டு பக்கத்துக்கும் கை தூக்கிறது எந்த ஊர்ப் பழக்கம்?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில், "அடேய், தலைவரின்ர பக்கத்துக்கு ஏன்ரா தூக்கினனீ?" என்றேன்.

"அண்ணை, மனிசன் எழும்பி வந்து கோப்பி ஊத்தித் தந்தவர். கேக்கேக்க தூக்காமல் குந்தியிருந்தால் மரியாதை கெட்டவங்கள் எண்டு நினைக்கமாட்டாரோ?" என்றான் யோகன். "உங்களுக்கும் தூக்கினனான்தானே!"

தலைவர் இரண்டாம் தரம் எடுக்கவேண்டும் என்றார். அப்போது பின்மேசையில் இருந்து ஒருவர், "உவைக்கு ஒண்டும் விளங்கேல்லை, உவையை விட்டுட்டு எண்ணுங்கோ" என்றார். சிரித்த ஆட்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அது எனக்கு நன்றாக விளங்கியது. அம்மாவுக்கு மொழி தெரியாது, ஆனால் விளங்கியது. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"விளங்கேல்லை எண்டு அவர் சொன்னவரோ?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் கீழ்வீட்டு மனிசி. "கேட்டுப் பாருங்கோ."

தலைவர் என்னைப் பார்த்தார். எழுந்தேன். இந்த ஊர்க் கூட்டங்களில் எழும்புகிறவர்கள் முதலில் கதைக்க விட்டதற்கு நன்றி சொல்லித்தான் தொடங்குவார்கள். என் வாயிலும் அந்தச் சொல் வந்து நின்றது. கீழ்வீட்டு மனிசி என்னைப் பார்க்கவே இல்லை, சுருட்டுக்கு நெருப்புத் தேடிக்கொண்டிருந்தார். நான் அதை விழுங்கினேன்.

"நாங்கள் ஏழு பேர் ஒரு வீட்டில" என்றேன். வயிற்றில் இருந்த உன்னையும் சேர்த்துத்தான், மகன். "மேல்வீட்டில ஒருத்தரும் இல்லை. விருந்தாளி வந்தால் ரெண்டு நாளில திரும்பிப் போவார். என்ர பிள்ளை வந்தால் போகாது."

டேனிஷில் அதைச் சொல்லும்போது எத்தனை பிழை விட்டேனோ. ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைவண்டிலோடு ஓரத்தில் இருந்த ஒரு இளம் டேனிஷ் பெண், "அவருக்கு என்னைவிட நல்லா விளங்கியிருக்கு" என்றாள்.

திரும்ப எடுத்தார்கள். இந்த முறை விருந்தினர் அறைக்கு அட்டைகளைத் தூக்கச் சொன்னபோது யோகன் தன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்ந்துகொண்டான், தப்பித்தவறி எழும்பிவிடுமோ என்ற பயத்தில். மற்றதற்கு அட்டைகள் எழும்பின. தலைவர் தானே மேசை மேசையாக நடந்து எண்ணினார். அவர் விரும்பியது மற்றப் பக்கம். என்றாலும் இரண்டாம் தரமும் எண்ணிப் பார்த்துவிட்டு, மேல்வீடு குடும்பத்துக்கு என்று தன் வாயாலேயே சொன்னார். எங்கள் ஆறு அட்டையும் இல்லாவிட்டால் தோற்றிருப்போம். அந்த மனிதரைப் பற்றி நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

எந்தக் குடும்பத்துக்கு என்பதைச் சங்கத்தின் அலுவலகம்தான் சொல்லும். கொமூனின் ஆட்கள் அம்மாவின் நிலையைக் கேட்டறிந்தார்கள். கடைசியில் எங்கள் பெயர் வந்தது.

திறப்பு வாங்கிய நாளையும் சொல்லவேண்டும். அலுவலகத்தில் என்னிடம் வீடு இல்லை என்று சொன்ன அதே மனிதர்தான் மேல்வீட்டு வாசலில் நின்றார். திறப்பை நீட்டினார். கையை விடாமல் ஒரு கணம் பிடித்திருந்தார். சிரித்தபடிதான். எதற்குக் காத்திருக்கிறார் என்று தெரியும். என் நாக்கு தவித்தது. கீழே படியில் கீழ்வீட்டு மனிசி சுவரைப் பிடித்தபடி ஏறி வருகிற சத்தம் கேட்டது.

அம்மா எங்கள் இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனார். முன்னறையைப் பார்க்கவில்லை, குசினியைப் பார்க்கவில்லை. நேரே கடைசி அறைக்குப் போய் மூலைச் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"இஞ்ச வாங்கோ. இந்தச் சுவர் இன்னும் ஈரம். கறுப்புப் பிடிச்சுக் கிடக்கு. தொட்டில் கட்டுற அறை இது. எப்ப திருத்துவினம் எண்டு அந்த ஆளைக் கேளுங்கோ."

"என்ன சொல்லுறா?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"வீடு வடிவா இருக்காம்" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் வாசலில் மூச்சு வாங்கியபடி கீழ்வீட்டு மனிசி சொன்னார்: "சுவர் ஈரம் எண்டு சொல்லுறா. எப்ப ஆள் அனுப்புறியள் எண்டு கேக்கிறா."

"உங்களுக்கு அவவின்ர பாசை தெரியுமோ?"

"கையைச் சுவரில வைச்சிருக்கிற பொம்பிளை வேற என்னத்தைக் கேப்பாள்?"

அம்மாவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவருக்கு அது சிரிப்புக்குரிய விசயமில்லை. அடுத்த கிழமை சுவரைச் சுரண்டி, காயவைத்து, பூச ஆட்கள் வந்தார்கள். மகன், நீ பிறந்து வீட்டுக்கு வந்தபோது பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. யோகன் உன்னைப் பார்க்க வந்தபோது வாசலில் நின்று பழக்கதோசத்தில் இருமினான். "மணியை அடிச்சால் காணும்" என்றார் அம்மா.

கீழ்வீட்டு மனிசி உன்னைக் கையில் வாங்கிப் பார்த்தார். வடிவான பிள்ளை என்று சொல்லவில்லை. "மாடியில ஒரு சத்தம் வேணும். இப்ப சரி" என்றுவிட்டு இறங்கிப் போனார்.

நீங்கள் இரண்டு பேரும் அவரோடு கதைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. மகள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம், படியில் சுருட்டு மணம் வந்தால் மூக்கைப் பொத்துவாய். பிறகு அவர் நெஞ்சில் வருத்தம் வந்து படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். இரண்டு கட்டில் உள்ள அறை. மற்றக் கட்டில் வெறுமையாக இருந்தது. "நாலு நாளாப் பாக்கிறன், உது சும்மா கிடக்கு. வெளியில விறாந்தையில ஒரு கிழவனைப் படுக்க வைச்சிருக்கினம். நேர்ஸிட்ட சொல்லு" என்றார். ஆண்களையும் பெண்களையும் ஒரு அறையில் போடமாட்டார்கள் என்று சொன்னேன். "அவருக்கு எண்பது வயசு. என்ன செய்யப்போறார்?" என்றார். சிரிக்கப் போக இருமல் வந்துவிட்டது. அதுதான் கடைசி.

செத்தவீட்டில் எங்கள் ஆட்களும் போய் நின்றோம். மகன்காரன் வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனான். கீழ்வீட்டு யன்னல்களில் சீலை இழுத்தபடி கிடந்தது. ஒரு மாதம் போனது, இன்னொன்றும் போனது. சைக்கிள் விடவும், கூட்டத்துக் கதிரைகளை அடுக்கவும் அந்த வீடு வசதி என்று படியில் கதைத்தார்கள். நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தச் சீலையைப் பார்த்துக்கொண்டு போனேன். எனக்கென்று வீடு இருந்தது. சுவர் காய்ந்திருந்தது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கட்டில் இருந்தது.

ஒரு நாள் நான் வேலை செய்த மீன் தொழிற்சாலையில் லீவு எடுத்தேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. மழைக்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு தனியே வீட்டுச் சங்கத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அதே மனிதர். தலை நரைத்திருந்தது.

"எங்கட வாசலில கீழ்வீடு ஏன் பூட்டிக் கிடக்கு?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வீடு இருக்கெல்லோ?"

"ஓம், இருக்கு."

"அப்ப ஆருக்குக் கேக்கிறியள்? சொந்தக்காரர் ஆரும் வருகினமோ?"

"இல்லை. ஆரெண்டு எனக்குத் தெரியாது. உங்கட பட்டியலில முதலாவதா இருக்கிற ஆளுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழுவோடு கதைக்க வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும், இன்றைக்குப் பதில் சொல்ல முடியாது என்றார். எழுந்து கதவுவரைக்கும் வந்து எனக்காக அதைத் திறந்து பிடித்தார்.

சுவரோரம் ஒரு கதிரை கிடந்தது. நான் அதை அவருடைய மேசைக்கு முன்னால் இழுத்துப் போட்டு, நனைந்த தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.